கேள்வி கேட்டவர் நாற்காலியில் உட்காரலாமா? எமிலி லாவை முன்வைத்து ஒரு விவாதம்

மே 3, 2025

பத்திரிகை சுதந்திர நாளான இன்று வாசகர் ஒருவர் இப்படி எழுதியிருந்தார்: “நிருபராக இருந்தவர் தேர்தலில் நின்றால், அதற்கு முன் அவர் கேட்ட கேள்வியெல்லாம் சீட்டுக்கு அடிபோட்டதாகத்தான் அர்த்தம். ஜனநாயகம், பத்திரிகை சுதந்திரம் என்பதெல்லாம் பிறகு ஒட்டிக்கொண்ட லேபிள்.”

பொதுவாகப் பேசினால் இது எங்கும் போய்ச் சேராது. ஒரே ஒரு ஆளை எடுத்துக்கொள்வோம். நிருபராக இருந்து சட்டமன்றத்துக்குப் போன ஹாங்காங்கின் எமிலி லாவ்.

1984 டிசம்பர் 19. பெய்ஜிங்கில் பிரிட்டிஷ் பிரதமர் மார்கரெட் தாட்சர் சீனாவுடன் கூட்டுப் பிரகடனத்தில் கையெழுத்துப் போடுகிறார். பிரிட்டன் ஆண்டுகொண்டிருந்த ஹாங்காங்கை 1997இல் சீனாவிடம் ஒப்படைப்பது என்று முடிவாகிறது. இரண்டு நாள் கழித்து ஹாங்காங்கில் பத்திரிகையாளர் சந்திப்பு. ஃபார் ஈஸ்டர்ன் எகனாமிக் ரிவ்யூ இதழின் நிருபராக இருந்த எமிலி லாவ் எழுந்து கேட்டார்: ஐம்பது லட்சத்துக்கு மேற்பட்ட மக்களை ஒரு கம்யூனிஸ்ட் சர்வாதிகாரத்தின் கையில் ஒப்படைக்க நீங்கள் கையெழுத்திட்டிருக்கிறீர்கள், இது அறத்துக்கு அடுக்குமா, இல்லை, சொந்த நாட்டின் நலன்தான் சர்வதேச அரசியலில் உச்சபட்ச அறமா?

ஒப்பந்தம் போடாமல் இருந்திருந்தால் 1997இல் 92 விழுக்காடு நிலப்பரப்பு எந்த உத்தரவாதமும் இல்லாமலே சீனாவுக்குப் போயிருக்கும் என்று தாட்சர் பதில் சொன்னார். ஹாங்காங்கில் பெரும்பாலானவர்கள் தன்னுடைய கருத்திலேயே இருப்பதாகவும், இந்தக் கேள்வியைக் கேட்டவர் மட்டும் தனி விதிவிலக்காக இருக்கலாம் என்றும் சேர்த்துச் சொன்னார்.

தாட்சரின் வாதத்தில் சாரம் இருக்கிறது, அதை ஒதுக்கிவிட முடியாது. ஹாங்காங் நிலத்தின் பெரும்பகுதியான நியூ டெரிட்டரீஸைச் சீனாவிடமிருந்து பிரிட்டன் எடுத்திருந்த குத்தகை 1997இல் முடிவது உண்மைதான். ஆனால் அந்த அறையில் யாராவது ஒருவர் அதைக் கேட்டே ஆக வேண்டியிருந்தது. கேட்டவர் இவர்.

மே 3, இரவு

“அந்தக் கேள்வியே அரசியல் பிரவேசம்தானே?” என்கிறார் அதே வாசகர்.

தேதிகளைப் பாருங்கள். 1984 டிசம்பரில் ஹாங்காங் சட்டமன்றத்தில் தேர்தல் மூலம் வந்த உறுப்பினர் ஒருவர்கூடக் கிடையாது. எல்லாம் கவர்னர் நியமித்தவர்களும் அதிகாரிகளும்தான். 1985இல்தான் மறைமுகத் தேர்தல் வந்தது. மக்கள் நேரடியாக ஓட்டுப் போட்டது 1991இல், அதுவும் 60 இடங்களில் 18க்கு மட்டும். இல்லாத சீட்டுக்கு யாரும் ஏழு வருடம் முன்பே அடிபோட முடியாது.

இடைப்பட்ட காலத்தில் அவர் வேலையைத்தான் பார்த்தார். 1989 முதல் 1991 வரை ஹாங்காங் பத்திரிகையாளர் சங்கத்தின் தலைவர். பெய்ஜிங்கின் தியானன்மென்னில் ஜனநாயகம் கேட்டுப் போராடியவர்கள்மீது ராணுவத்தை ஏவிய படுகொலை நடந்து, ஹாங்காங்கே கதிகலங்கி நின்ற காலம் அது. அதற்குப் பிறகுதான் நியூ டெரிட்டரீஸ் ஈஸ்ட் தொகுதியில் சுயேச்சையாக நின்று ஜெயித்தார். நேரடித் தேர்தலில் ஹாங்காங் சட்டமன்றத்துக்குள் நுழைந்த முதல் பெண் அவர்.

மே 5

தாட்சர் சொன்ன அந்த ‘தனி விதிவிலக்கு’ என் மண்டைக்குள் சுற்றிக்கொண்டே இருக்கிறது. காரணம் இருக்கிறது.

நான் ஒரு தமிழ் நாளிதழில் மாவட்ட நிருபராக இருந்தவன். கலெக்டர் அலுவலகத்தில் ஒரு பிரஸ் மீட். ஆற்று மணல் பற்றி யாரும் கேட்கக் கூடாது என்பது எழுதப்படாத ஏற்பாடு. நான் கேட்டேன். மேடையில் இருந்தவர் சிரித்துக்கொண்டே, “மத்த நிருபருங்க யாருக்கும் இந்தச் சந்தேகம் இல்லையே, உங்களுக்கு மட்டும் ஏன் தம்பி?” என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் குனிந்து நோட்டில் எழுதத் தொடங்கினார்கள். எழுத எதுவுமே சொல்லப்படவில்லை. வெளியே வந்ததும் ‘கவர்’ கொடுத்துக்கொண்டிருந்தார்கள். என் பெயருக்கும் ஒன்று இருந்தது. வாங்கவில்லை. ராத்திரி டெஸ்க்கிலிருந்து போன் வந்தது, செய்தி வரவில்லை.

தாட்சரை அந்த ஆளோடு ஒப்பிடுவதற்காக இதைச் சொல்லவில்லை. தாட்சர் பதில் சொன்னார், புள்ளிவிவரத்தோடு. சொல்ல வந்தது பதிலின் கடைசி வரியைப் பற்றி. ‘உனக்கு மட்டும்தான் இந்தச் சந்தேகம்’ என்பதை எந்த அதிகாரம் சொன்னாலும், கேட்டவரைக் கூட்டத்திலிருந்து பிரித்துத் தனியே நிறுத்துவதுதான் அதன் வேலை. அதைத் தாங்கிக்கொண்டு மறுநாளும் கேள்வி கேட்கப் போவது எவ்வளவு சிரமம் என்று எனக்குத் தெரியும். சில சமயம் நான் போகவில்லை.

மே 9

இன்னொரு வாசகர்: “சரி, ஒரு நல்ல கேள்வி கேட்டார். சட்டமன்றத்தில் என்ன கிழித்தார்?”

நியாயமான கேள்வி. இரண்டு விஷயங்களைச் சொல்கிறேன்.

முதலாவது, 1994 ஜூன் கடைசி. கவர்னர் கிறிஸ் பேட்டனின் தேர்தல் சீர்திருத்தம் விவாதத்தில் இருந்தது. பெய்ஜிங் அதற்கே கொதித்துப்போயிருந்தது. எமிலி லாவுக்கு அது போதவில்லை. 60 இடங்களுக்கும் நேரடித் தேர்தல் வேண்டும் என்று தனிநபர் மசோதா கொண்டுவந்தார். ஓட்டெடுப்பில் ஆதரவு 20, எதிர்ப்பு 21. ஒரே ஓட்டில் போனது. ஜெயித்திருந்தாலும் 1997க்குப் பிறகு சீனா அதைக் கலைத்திருக்கும் என்று சொல்லலாம். 1995இல் தேர்ந்தெடுக்கப்பட்ட சட்டமன்றத்தையே கலைத்துத் தற்காலிக மன்றம் ஒன்றை உட்கார வைத்தார்களே. ஆனாலும் முழு ஜனநாயகத்துக்கு அந்த மன்றத்தில் ஓட்டுப் போட்டவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் தயாராக இருந்தார்கள் என்பது பதிவாகிவிட்டது. ‘ஹாங்காங்காரர்களுக்குக் காசு மட்டும் போதும், ஓட்டு வேண்டாம்’ என்று சொல்பவர்களுக்கு அந்த 20தான் பதில்.

இரண்டாவது எனக்கு இன்னும் பிடித்தது. 1996 டிசம்பரில் ஹாங்காங்கில் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் அமலுக்கு வந்தது. எந்த நிறுவனமாவது உங்களைப் பற்றித் தகவல் வைத்திருந்தால் கேட்டுப் பெறலாம், 40 நாளில் பதில் வர வேண்டும். எமிலி லாவ் உடனே சீனாவின் ஷின்ஹுவா செய்தி நிறுவனத்தின் ஹாங்காங் கிளைக்கு எழுதினார்: என்னைப் பற்றி ஃபைல் ஏதாவது வைத்திருக்கிறீர்களா? 40 நாள் போனது. பத்து மாதம் கழித்து, அப்படி எதுவும் இல்லை என்று பதில் வந்தது. சட்டம் மீறப்பட்டிருந்தது. ஆனால் அரசு வழக்குப் போடவில்லை. இவரே தனிநபர் வழக்காக ஷின்ஹுவா தலைவர் ஜியாங் என்ஜுவை நீதிமன்றத்துக்கு இழுத்தார். நீதிமன்றம் தள்ளுபடி செய்தது, எதிர்த்தரப்பின் செலவும் இவர் தலையில் விழுந்தது.

தோற்ற வழக்குதான். ஆனால் அந்த வழக்குக்குள் இருப்பது ஒரு நிருபரின் புத்தி. புதுச் சட்டம் வந்தால் அதை முதலில் யார்மீது சோதிக்க வேண்டும்? ஊரிலேயே அதிக அதிகாரம் உள்ளவர்மீது.

மே 10

“ஷின்ஹுவா செய்தி நிறுவனம்தானே, அவர்களிடம் ஏன் ஃபைல் கேட்டார்?” என்று மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள்.

பெயரளவில்தான் செய்தி நிறுவனம். பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த ஹாங்காங்கில் சீனா தூதரகம் வைத்துக்கொள்ள முடியாது. வைத்தால் அது அந்நிய மண் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். அதனால் ஷின்ஹுவா கிளைதான் சீன அரசின் பிரதிநிதியாக அங்கே இயங்கியது. 2000 ஜனவரியில் அதே அலுவலகம் ‘மத்திய அரசின் தொடர்பு அலுவலகம்’ என்று பெயர் மாறியது. தலைவரும் அதே ஜியாங் என்ஜுதான். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், அடுத்து எழுதப்போவதற்கு வேண்டும்.

மே 17

எமிலி லாவைப் புகழ்ந்து மட்டும் எழுதுகிறேன் என்று ஒருவர் குறைப்பட்டிருக்கிறார். சரி, 2010க்கு வருவோம். என் மனதுக்குள்ளும் தீராத பகுதி அது.

ஃபிராண்டியர் என்ற தன் சிறிய அமைப்பை 2008இல் ஜனநாயகக் கட்சியோடு இணைத்து, அந்தக் கட்சியின் துணைத் தலைவராக இருந்தார். அரசு ஒரு தேர்தல் சீர்திருத்தத் திட்டத்தை முன்வைத்தது. ஜனநாயக முகாமில் பலர் அதை எதிர்த்தார்கள். 2010 மே 24 அன்று ஆல்பர்ட் ஹோ, சியுங் மான்-குவாங், எமிலி லாவ் மூவரும் தொடர்பு அலுவலகத்துக்குள் பேச்சுவார்த்தைக்குப் போனார்கள். ஆமாம், 12 வருடம் முன்பு எந்த அலுவலகத்தின் தலைவரைக் கோர்ட்டுக்கு இழுத்தாரோ, அதே அலுவலகம்.

பேச்சின் முடிவில், புதிதாகச் சேரும் 10 இடங்களில் 5 நேரடித் தொகுதிகளுக்கும், மற்ற 5 வேறு தொழில்வாரித் தொகுதியில் (குறிப்பிட்ட தொழில், துறைக்காரர்களுக்கு மட்டும் ஒதுக்கிய தொகுதி) ஓட்டு இல்லாத பொதுமக்கள் அனைவரும் ஓட்டுப்போடும் முறைக்கும் போயின. ஜூனில் திட்டம் நிறைவேறியது. ஜூலை 1 ஊர்வலத்தில் ஜனநாயகக் கட்சிக்காரர்களைப் பார்த்து “துரோகிகள்” என்று கத்தினார்கள். கட்சிக்குள்ளிருந்தும் வெளியேறினார்கள்.

ஒரு நிருபராக இதை எப்படிப் பார்ப்பேன்? மூடிய கதவுக்குள் நடந்த பேச்சு. வெளியே நிற்கும் நிருபருக்கு, உள்ளே போனவர் வந்து சொல்வதுதான் செய்தி. வாழ்நாள் முழுக்க அப்படிப்பட்ட கதவுகளைத் திறக்கச் சொன்னவர் அன்று உள்ளே இருந்தார். அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது, நானே அங்கே இருந்திருந்தால் ஊர்வலத்தில் கத்தியவர்களோடுதான் நின்றிருப்பேன் என்று தோன்றுகிறது.

அதே நேரம், 5 இடங்களில் முப்பது லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு இரண்டாவது ஓட்டு கிடைத்தது. 1994இல் ஒரே ஓட்டில் எல்லாவற்றையும் இழந்தவர், 2010இல் கிடைப்பதை வாங்கிக்கொள்வோம் என்று நினைத்ததில் ஒரு தர்க்கம் இருக்கிறது.

மே 18

ராத்திரி யோசித்ததில் நேற்று எழுதியதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும்.

போனதை அவர்கள் ஒளிக்கவில்லை. போகிறோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள், வந்து பத்திரிகையாளர்கள் முன் நின்றார்கள், திட்டு வாங்கினார்கள். அடுத்த தேர்தலில் அதே ஜனங்களிடம் ஓட்டுக் கேட்டார்கள். 2012இல் கட்சிக்கு அடி விழுந்த பிறகு தலைமைப் பொறுப்பை எமிலி லாவ் எடுத்துக்கொண்டு 2016 வரை நடத்தினார். 2014 டிசம்பரில் அட்மிரால்டி பகுதியில், நேரடித் தேர்தல் கேட்டு நடந்த குடைப் போராட்டத்தின் களத்தைப் போலீஸ் அப்புறப்படுத்தியபோது உட்கார்ந்திருந்து கைதானவர்களில் அவரும் ஒருவர்.

நான் முக்கியமாக நினைப்பது, முடிவுக்கான கணக்கை வெளியே வைத்ததை. எங்கள் மாவட்டத்தில் நான் பார்த்த எந்தப் பேரமும் அப்படி மேசைக்கு வந்ததில்லை.

மே 26

“இவர் ஒருவரை வைத்து எப்படிப் பொதுவாகப் பேசுவது?” என்று கேட்டவருக்காக, இன்னொருவர்: கிளாடியா மோ.

ஏ.எஃப்.பி. என்ற பிரெஞ்சுச் செய்தி நிறுவனத்தின் நிருபர். 1989இல் தியானன்மென்னிலிருந்து செய்தி அனுப்பியவர். 2006இல் சிவிக் கட்சியைத் தொடங்கியவர்களில் ஒருவர், 2012 முதல் 2020 வரை சட்டமன்ற உறுப்பினர். அங்கேயும் ஹாங்காங் பற்றி வெளிநாட்டு நிருபர்களிடம் ஓயாமல் பேசியவர். 2020 நவம்பரில் நான்கு உறுப்பினர்களின் பதவியை அரசு பறித்தபோது சக உறுப்பினர்களோடு ராஜினாமா செய்தார். 2021 ஜனவரியில், எதிர்க்கட்சிகள் தங்கள் வேட்பாளர்களைத் தேர்ந்தெடுக்க நடத்திய முன்தேர்தலில் கலந்துகொண்டதற்காகக் கைது. தேசியப் பாதுகாப்பு வழக்கில் மொத்தம் 47 பேர்.

அவருக்கு ஜாமீன் மறுத்தபோது நீதிமன்றம் சொன்ன காரணங்களில் ஒன்று என்ன தெரியுமா? வெளிநாட்டு ஊடகங்களின் நிருபர்களோடு அவர் நடத்திய வாட்ஸ்அப் உரையாடல்கள்.

இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. ஒரு நிருபர் மெசேஜ் அனுப்பி, ‘நிலைமை எப்படி?’ என்று கேட்கிறார். இவர் பதில் சொல்கிறார். அந்தப் பதில் ஜாமீன் மறுப்புக்குக் காரணமாகிறது. இனி எந்த நிருபர் யாருக்கு மெசேஜ் அனுப்புவார்? யார் பதில் சொல்வார்கள்? பத்திரிகையை மூட வேண்டிய அவசியமே இல்லை. பேசுகிறவர் பயந்துவிட்டால் போதும்.

2024 நவம்பரில் 4 ஆண்டு 2 மாதம் தண்டனை விதித்தார்கள். 2025 ஏப்ரல் 29 அன்று விடுதலையானார்.

ஜூன் 4

தியானன்மென் படுகொலையின் நினைவாக இந்தத் தேதியில் ஹாங்காங் விக்டோரியா பூங்காவில் வருடா வருடம் மெழுகுவத்தி ஏற்றி நின்றார்கள், 2019 வரை. 2020 முதல் அனுமதி கிடையாது.

இன்று வாசகர் ஒருவர் வேறு திசையில் இழுத்தார்: “பெய்ஜிங் பக்கமும் பத்திரிகையாளர்கள் அரசியலுக்கு வந்தார்களே, அவர்களை ஏன் சொல்லவில்லை?”

சொல்ல வேண்டியதுதான். சாங் டாக்-சிங். பெய்ஜிங் ஆதரவு நாளிதழான தா குங் பாவோவின் ஆசிரியராக இருந்து, 2007இல் ஹாங்காங் அரசில் உள்துறைச் செயலாளர் ஆனவர். ஆனால் அவர் கதையின் ஆரம்பத்தைக் கேளுங்கள். 1967இல் பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிராக இடதுசாரிகள் நடத்திய கலவரத்தின்போது பள்ளி மாணவர். காலனி அரசுக்கு எதிராகத் துண்டுப்பிரசுரம் கொடுத்ததற்காக பிரிட்டிஷ் அரசு அவரைச் சிறையில் போட்டது. அதே வருடம் மூன்று இடதுசாரிப் பத்திரிகைகளை நிறுத்தியது. 1952இல் தா குங் பாவோவையே தேசத்துரோகச் சட்டத்தில் வழக்குப் போட்டு நீதிமன்றத்தில் நிறுத்தியது.

பள்ளிச் சிறுவனைத் துண்டுப்பிரசுரத்துக்காக ஜெயிலில் போட்டது அநியாயம். அவர் எந்தப் பக்கம் என்பது அதில் எதையும் மாற்றாது. பிரிட்டிஷ் காலம் பொற்காலம் என்று எழுதுகிறவர்கள் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஹாங்காங் பத்திரிகைகள் சுதந்திரமாக இயங்கியது உண்மை, ஆனால் அந்தச் சட்டங்களை யாரும் குப்பையில் போடவில்லை. பயன்படுத்தாமல் வைத்திருந்தார்கள்.

ஜூன் 12

நேற்று ஒரு வழக்கறிஞர் நண்பரோடு இதைப் பேசிக்கொண்டிருந்தேன். ஜூன் 4 குறிப்பின் கடைசி வரியை விரித்து எழுதச் சொன்னார்.

1938ஆம் ஆண்டு தேசத்துரோகச் சட்டத்தின் வாரிசுப் பிரிவுகள் 1997 வரை புத்தகத்தில் இருந்தன. ஒப்படைப்புக்குச் சில நாள் முன்பு, 1997 ஜூனில், சட்டமன்றம் ஒரு திருத்தத்தை நிறைவேற்றியது: வன்முறையைத் தூண்டும் நோக்கம் இருந்தால்தான் தேசத்துரோகம். ஆனால் அது அமலுக்கு வரும் தேதியை அரசு அறிவிக்க வேண்டும். அறிவிக்கவே இல்லை. நிறைவேறிய திருத்தம், அமலுக்கு வராமலே கிடந்தது.

2021 டிசம்பர் 29 அன்று ஸ்டாண்ட் நியூஸ் என்ற இணையச் செய்தித் தளத்தின் அலுவலகத்தைப் போலீஸ் சோதனையிட்டது, அன்றே தளம் மூடியது. அதன் ஆசிரியர்கள் இருவர்மீது வழக்குப் போட்டது இந்தப் பழைய காலனிச் சட்டத்தில்தான். 2024இல் குற்றவாளிகள் என்று தீர்ப்பு வந்தது. 1997க்குப் பிறகு ஹாங்காங்கில் பத்திரிகையாளர்கள் தேசத்துரோகத்துக்காகத் தண்டிக்கப்பட்ட முதல் வழக்கு.

இந்தியத் தண்டனைச் சட்டத்தில் இருந்த நம் தேசத்துரோகப் பிரிவு 124ஏவும் இதே பிரிட்டிஷ் பட்டறையில் செய்ததுதான். திலகர்மீது போட்டார்கள், வ.உ.சி.மீது போட்டார்கள், சுதந்திரத்துக்குப் பிறகும் எழுபது வருடங்களுக்கு மேல் வைத்திருந்தோம். 2022 மேயில் உச்ச நீதிமன்றம் நிறுத்திவைத்தது. 2024 ஜூலையில் வந்த புதிய சட்டத்தில் 152ஆம் பிரிவாக வேறு சொற்களோடு உட்கார்ந்திருக்கிறது. எல்லையற்ற நிருபர்கள் அமைப்பின் 2025ஆம் ஆண்டுப் பத்திரிகை சுதந்திரப் பட்டியலில் ஹாங்காங் 140, இந்தியா 151. ஹாங்காங்கைப் பற்றி உச்சுக் கொட்டுகிற நம் டிவி விவாதங்களில் இந்த இரண்டு எண்களையும் யாராவது பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்ட வேண்டும்.

ஜூன் 21

தொடக்கத்தில் கேள்வி கேட்ட வாசகர் இப்போது நேராகவே கேட்டிருக்கிறார்: “உங்களைக் கூப்பிட்டிருந்தால் போயிருப்பீர்களா?”

கூப்பிட்டார்கள். வேலையை விட்ட பிறகு, உள்ளாட்சித் தேர்தலில் வார்டு கவுன்சிலருக்கு நிற்கச் சொல்லி ஒரு கட்சி ஆள் அனுப்பியது. மாட்டேன் என்றேன். வீட்டில் சந்தோஷப்பட்டார்கள். எழுதியவன் எழுதியவனாகவே இருக்கட்டும் என்று அப்போது நினைத்தேன், இங்கே பலர் சொல்வதும் அதுதான்.

எமிலி லாவைப் பற்றி இத்தனை நாள் எழுதிய பிறகு அந்த நினைப்பு எனக்கு உறுதியாக இல்லை. எங்கள் வார்டில் குப்பைக் கிடங்கு விவகாரத்தை நான் நாலைந்து முறை எழுதியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் ‘அதிகாரிகள் நடவடிக்கை எடுப்பார்களா?’ என்றே செய்தி முடியும். கவுன்சில் கூட்டத்தில் அதே கேள்வியை நான் எழுப்பியிருந்தால் மினிட்ஸில் பதிவாகியிருக்கும். ஒரு பதில் வந்தாக வேண்டும். செய்திக்குப் பதில் சொல்லும் கடமை யாருக்கும் இல்லை, மன்றத்தில் கேட்ட கேள்விக்கு உண்டு. 1991இல் அவர் நாற்காலிக்குப் போனதற்கு இதைவிட வேறு காரணம் தேட வேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.

ஆனால் ஒரு நிபந்தனை வைப்பேன். போனவர் திரும்பி வந்து நிருபராக உட்காரக் கூடாது. தன்னோடு பேரம் பேசியவர்களைப் பற்றி ‘நடுநிலைச் செய்தி’ எழுதக் கூடாது. பேட்டி எடுக்கலாம், கட்டுரை எழுதலாம், தான் யார் என்பதை முதலிலேயே சொல்லிவிட்டு. எமிலி லாவ் சட்டமன்றத்தை விட்டபின் இணையத்தில் பேட்டி எடுத்தார், அங்கே அவர் எந்தக் கட்சி என்பது எல்லோருக்கும் தெரியும். அது சரியான முறை.

ஜூன் 30

நேற்று ஹாங்காங்கில் சமூக ஜனநாயகவாதிகள் கழகம் என்ற எதிர்க்கட்சியும் கலைப்பை அறிவித்துவிட்டது. எமிலி லாவ் தலைமை வகித்த ஜனநாயகக் கட்சி பிப்ரவரியிலேயே கலைப்பு ஏற்பாடுகளைத் தொடங்கிவிட்டது. சிவிக் கட்சி 2023லேயே போய்விட்டது. ஜனநாயக ஆதரவு நாளிதழான ஆப்பிள் டெய்லி 2021 ஜூனில் கடைசி நாள் பத்து லட்சம் பிரதி அச்சடித்து மூடியது.

“அப்படியானால் எல்லாம் வீண்தானே, அந்தக் கேள்வி, மசோதா, வழக்கு எல்லாம்?” என்று ஒரு இளைஞர் கேட்டிருக்கிறார், இதழியல் படிக்கிறாராம்.

அவருக்கு: 2024 மார்ச்சில் வந்த புதிய பாதுகாப்புச் சட்டத்தைத் தேடிப் படியுங்கள் தம்பி. தேசத்துரோகத்துக்கு அதிகபட்சத் தண்டனை 2 வருடத்திலிருந்து 7 வருடமாக, வெளிநாட்டுச் சக்தியோடு சேர்ந்தால் 10 வருடமாக உயர்ந்திருக்கிறது. வன்முறையைத் தூண்டும் நோக்கத்தை நிரூபிக்கத் தேவையில்லை என்று அதில் வெளிப்படையாகவே எழுதியிருக்கிறார்கள். அந்தச் சட்டத்தில் முதலில் தண்டனை பெற்றவர் போராட்ட முழக்கம் அச்சிட்ட டி-ஷர்ட் போட்டிருந்த ஒருவர், 14 மாதம். 1997இல் யாரும் அந்தத் திருத்தத்தை நிறைவேற்றாமல் இருந்திருந்தால், இன்று எது பறிபோனது என்று நாம் சுட்டிக்காட்ட அங்கே ஒரு வரிகூட இருந்திருக்காது. அவர்கள் மெனக்கெட்டு மறுத்து எழுத வேண்டியிருந்ததே, ஒரு காலத்தில் ஒரு மன்றம் அதை எழுதிவைத்ததால்தான்.

அடுத்த பிரஸ் மீட்டுக்கு நீங்கள் போவீர்கள். கேட்க நினைத்ததைக் கேளுங்கள். பதில் சொன்னவர் பெயர், தேதி, சொன்ன வாசகம் மூன்றையும் நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். டெஸ்க் போடாவிட்டாலும் நோட்டை எறிந்துவிடாதீர்கள்.